எழுந்ததா பாரடைஸ்?

கேள்வி: 2018-இல் காட்டுத்தீயில் அழிந்த கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம், ஃபீனிக்ஸ் பறவைபோலச் சாம்பலிலிருந்து எழுந்துவிட்டதாமே?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்தப் பறவைக்கு இந்தப் பக்கத்தில் தடை போட்டு நெடுநாளாகிறது. டெபாசிட் இழந்த கட்சி, 60 ரன்னில் சுருண்ட அணி, மார்க்கெட் போய்த் திரும்பிய நடிகர் என்று ஊர் முழுக்க வாடகைக்குப் போய் இறகெல்லாம் கொட்டிவிட்டது. பாரடைஸில் அது எழ நினைத்திருந்தாலும் நடந்திருக்காது. சாம்பலை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்த சாம்பல் அது. பாத்திரம் துலக்க ஆகாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), பழைய பெயின்ட்டின் ஈயம், ஆர்சனிக் எல்லாம் அதில் உண்டு. முதலில் பாதுகாப்பு உடையோடு வந்து கேஸ் சிலிண்டர், பேட்டரி, பூச்சிமருந்து டப்பாக்களைப் பொறுக்கினார்கள். அடுத்து கல்நார் சோதனை. பிறகுதான் பொக்லைன். தூசி கிளம்பாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே அள்ள வேண்டும். அஸ்திவாரக் கான்கிரீட்டையும் பெயர்த்து, அடியில் சில அங்குல மண்ணைச் சுரண்டி, மிச்ச மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு மோசமென்றால் மறுபடி சுரண்டல். மொத்தம் அள்ளியது சுமார் 36 லட்சம் டன். பறவையின் எடை தனி.

சாம்பல் போனாலும் குடிநீர்க் குழாய்ச் சிக்கல் நின்றது. வீடுகள் எரிந்து குழாய்கள் திறந்துகொண்டதும் அழுத்தம் விழுந்து, குழாய்களே புகையை உள்ளிழுத்தன. பிளாஸ்டிக் குழாய்களும் உருகின. விளைவு, தண்ணீரில் பென்சீன் என்ற புற்றுநோய் வேதிப்பொருள். கலிஃபோர்னியாவின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். திறந்துவிட்டு உடனே மாதிரி பிடித்தால் ‘சுத்தம்’ என்றுதான் வரும். 72 மணி நேரம் தேங்கவிட்டுப் பிடித்தால் குட்டு வெளிப்படும்.

‘எதற்கும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ கட்சியினர் கவனிக்கவும். உங்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பென்சீன் சாகாது. ஆவியாகி அடுப்படியில் நிற்பவர் மூக்குக்குள் போகும். குடித்துச் சாப்பிட வேண்டியதைச் சுவாசித்துச் சாப்பிடலாம், அவ்வளவுதான் லாபம்.

புது வீட்டுக்கு விதி கடுமை. பெரும்பாலான வீடுகளைப் பிடிப்பது தீச்சுவாலை அல்ல, காற்றில் வரும் தீப்பொறி. கூரையடிக் காற்றுத்துளையில் 3 மி.மீ.க்கு மேல் கண்ணில்லாத உலோக வலை வேண்டும். சுவரை ஒட்டி ஐந்தடிக்குள் மரப்பட்டைத் தூள், புதர், விறகு எதுவும் கூடாது. பலர் கூரைக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு, மர வேலியை நேராகச் சுவரில் கொண்டுவந்து முட்டவிடுகிறார்கள். திரி தயார்!

எழுந்துவிட்டதா என்றுதானே கேட்டீர்கள்? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 26,000-க்கு மேல்; 2020-இல் 4,764. அதன்பின் ஏறி வருகிறது. எல்லோரும் திரும்பவில்லை. காப்பீட்டுப் பணம் கட்டட விலைக்குப் போதாதவர்கள் பலர். மெர்செட் என்ற சிறிய காப்பீட்டு நிறுவனமோ, தீப்பற்றிய அடுத்த மாதமே திவாலானது. பாக்கியை மாநில உத்தரவாத அமைப்பின் தலையில் கட்டினார்கள்.