சேமலாப நிதிக் காசை டொலராக்கிவிடலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 58. ஊழியர் சேமலாப நிதியாக 65 இலட்சம் ரூபாய் கிடைத்தது. 2022இல் ரூபாய் விழுந்த பயம் இன்னும் தெளியவில்லை. தெரிந்தவர் ஒருவர் முழுவதையும் டொலராக மாற்றித் தருகிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் மகன் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறான். வீட்டுச் செலவு 80,000 ரூபாய். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, முதலில் அந்தத் தெரிந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் இல்லாதவரிடம் டொலர் வாங்குவது சட்டத்துக்கு முரணானது. கள்ள நோட்டு வந்தாலும் முறையிட இடமில்லை.

உங்கள் பயம் நியாயமானதுதான். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து இலட்சம் வைத்திருந்தவரின் 5,000 டொலர் பெறுமதி ஏறத்தாழ 2,780 ஆகச் சுருங்கியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பயந்து 360க்கு டொலர் வாங்கியவர் 2024 கடைசியில் அதை 290 சொச்சத்துக்குத்தான் விற்றிருப்பார். அதே 2022இன் இறுதியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியல் (அரசு குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் என்ற கணக்கில் வட்டி கொடுத்தது. ஓடியவருக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். அரிசி, மரக்கறி, மின்கட்டணம் எல்லாம் ரூபாயில்தான் கட்டுகிறீர்கள். அதனால் இரண்டு வருடச் செலவு, சுமார் 20 இலட்சம், ரூபாயிலேயே இருக்கட்டும். அதை மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத் திறைசேரி உண்டியல்களாகப் பிரித்துப் போட்டால், ஒன்று முதிர்ந்ததும் அந்த நேரத்து வட்டிக்கு மறுபடி போடலாம். ரூபாய் சரியும்போது வட்டி பெரும்பாலும் ஏறும். ஐந்து வருட வைப்பில் எல்லாவற்றையும் பூட்டியவருக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. அரசு தன் உள்நாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டும் விதத்தை மாற்றிய 2023 கடன் மறுசீரமைப்பில்கூடப் பொதுமக்களின் உண்டியல்களிலும் வங்கி வைப்புகளிலும் கை வைக்கவில்லை.

மீதியை வங்கி வைப்பில் போடுவதென்றால் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். வங்கி முறிந்தால் ஈடு தரும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான்.

டொலருக்கான நேர்வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகன் அனுப்பும் காசு இப்போது நேரே ரூபாயாகிச் செலவழிந்துவிடுகிறது, இல்லையா? வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காசை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, செலவுக்கு ரூபாய் வட்டியை எடுங்கள். போதாத மாதம் மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பிரஷர் மாத்திரையும் சீனி மருந்தும் பெரும்பாலும் இறக்குமதி. ரூபாய் விழுந்தால் முதலில் ஏறுவது அந்த பில்தான். அதற்கு ஈடுகொடுக்கும் அளவு டொலர் சேர்ந்தால் உங்களுக்குப் போதும்.

தங்கம்? பத்தில் ஒரு பங்கு வரை வைக்கலாம், ஆனால் நாணயமாக. வீட்டம்மா காப்பு கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். செய்கூலி திரும்பி வராது.

இன்னொன்று: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்றால் வரி பிடிக்காமலிருக்க வங்கியில் சுயபிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.