மகள் இயக்குநராக வேண்டும் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

ராப்பகலாகப் படம் பார்க்கிறாள், இதை வைத்து இயக்குநர் ஆகிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து முடியாது. பார்க்காமலும் முடியாது. ஆனால் படம் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு. அவள் எதையாவது ஆரம்பித்து முழுசாக முடித்திருக்கிறாளா? சிறுகதை, பள்ளி நாடகம், மூன்று நிமிடக் குறும்படம், எதுவானாலும் சரி. பாதியில் நிற்கிற பத்துக் கதைகளைவிட, சுமாராக வந்தாலும் முடிந்த ஒன்று போதும், அவளைப் பற்றி எனக்குத் தெரிந்துவிடும்.

இதுவரை இல்லையென்றால் இப்போதே செய்யச் சொல்லுங்கள். கையிலுள்ள செல்போன் போதும். ஒருவர் அறைக்குள் வருகிறார், மேசைமேல் கிடக்கும் கடிதத்தைப் படிக்கிறார், வெளியே போகிறார். வசனம் கிடையாது. வந்தது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். கேட்க எளிது. எடுக்கும்போதுதான் தெரியும். கேமராவை எங்கே வைப்பது? முகத்தை எப்போது காட்டுவது, கையை எப்போது காட்டுவது? கதவிலிருந்து வலப்பக்கமாக நடந்தவர் அடுத்த ஷாட்டில் இடப்பக்கமாக நடந்தால், திரும்பிப் போகிறார் என்றே பார்ப்பவர் நினைப்பார். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு, அவசியமான ஒரு ஷாட்டை எடுக்கவே இல்லை என்று தெரியவரும். அப்போது மனம் தவிக்கும். மறுநாளே போய் அதை எடுத்துக்கொண்டு வருகிறாளா என்று பாருங்கள்.

கற்பனை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். படப்பிடிப்பில் இயக்குநரிடம் வருவதெல்லாம் கேள்விகள்தான். எந்தச் சட்டை, இந்த டேக் (ஒரு ஷாட்டை ஒருமுறை எடுத்தது) போதுமா, வெளிச்சம் போகிறதே, மிச்சமிருக்கும் மூன்று ஷாட்டில் எதை விடுவது? எல்லாவற்றுக்கும் உடனே பதில் வேண்டும். மொத்தக் குழுவும் காத்திருக்கும். ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளைச் சேர்த்து எடுப்பதால், கடைசிக் காட்சியின் அழுகை முதல் நாளே வரலாம். முழுப் படத்தையும் மனதில் ஓட்டிக்கொண்டேதான் அந்த அழுகை எவ்வளவு வேண்டும் என்று நடிகரிடம் சொல்ல வேண்டும், அதுவும் அவர் மனம் சுருங்காமல். நாலு பேரைச் சேர்த்து ஒரு வேலையை இழுத்துக்கொண்டு போகிற குணம் அவளிடம் இருக்கிறதா? இதை உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

பாதை ஒன்றுதான் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1936-ல் உதவி இயக்குநராகச் சேர்ந்தார், முதல் படம் 1943-ல்தான் வந்தது. வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே 1952-ல் தொடங்கிய முதல் படம், பணமில்லாமல் நின்று நின்று 1955-ல் வெளியானது. ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் படித்தது ஆங்கில இலக்கியம். வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து வார இறுதிகளில் முதல் படத்தை எடுத்தார். கேத்ரின் பிகலோ ஓவியம் படித்தவர். 2010-ல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

என் ஆலோசனை: அவளுக்குப் பிடித்த ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். இலக்கியமோ உளவியலோ வரலாறோ, மனிதர்களைப் புரிய வைக்கிற எதுவும் பின்னால் கைகொடுக்கும். கூடவே குறும்படங்கள் எடுக்கட்டும். திரைப்படக் கல்லூரிதான் என்றால், கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மாணவர் ஆண்டுக்கு எத்தனை படம் இயக்கி முடிக்கிறார் என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். அப்புறம், எடிட்டிங்கை அவள் கட்டாயம் கற்க வேண்டும். இயக்கத்துக்கும் உதவும், வாய்ப்பு வரும்வரை சம்பாதிக்கவும் உதவும்.

உதவி இயக்குநர் வேலை பொறுமையைக் கேட்கும். கன்டினியூட்டி பார்ப்பவர், அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிவிடாமல் கவனிப்பவர், முந்தைய ஷாட்டில் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, கடிகாரம் எந்தக் கையில் இருந்தது என்றுகூடக் குறித்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, வேலையும் தொடர்ச்சியாக இருக்காது. எத்தனை ஆண்டு, எவ்வளவு பண உதவி என்று இருவரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு மனக்கசப்பு வராது.

பெண்பிள்ளை, இரவு நேரப் படப்பிடிப்பு என்ற உங்கள் பயம் நியாயமானது. எந்தக் குழுவில் சேர்வதானாலும், அங்கே முன்பு வேலை பார்த்த பெண்களிடம் அவள் நேரில் பேசட்டும். பணம் கட்டு, வாய்ப்புத் தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் விலகிவிட வேண்டும்.

முதலில் அந்தக் கடிதக் காட்சியை அவள் எடுத்து முடிக்கட்டும். விளக்கம் எதுவும் சொல்லாமல் உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். வந்தது நல்ல செய்தியா கெட்ட செய்தியா, உங்களுக்குத் தோன்றியதை அப்படியே சொல்லுங்கள். அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். வரும்போது அந்தப் படத்தையும் எடுத்து வாருங்கள்.