எவோ 9, 25 பிஎஸ்ஐ பூஸ்ட்: 6000-க்கு மேல் மிஸ் அடிப்பது

நண்பரே, உங்கள் எவோ 9 (மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 கார்) மிஸ் அடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழே சீராக ஓடி, ஃபுல் பூஸ்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்) 6000 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டும் வெட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக் கேப் மேல்தான், அதாவது பொறி தாண்டும் இடைவெளி. சிலிண்டர் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் திணறும்போது பொறி அணைந்துவிடும். நீங்கள் வைத்திருக்கும் 0.8 மிமீ இந்த பூஸ்டுக்கு அதிகம்.

உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்ஜிகே காப்பர் பிளக்கில் வெப்ப எண் 8 உள்ளதைப் போடுங்கள். என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி, அதாவது வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும். பாஷில் நேர்மாறு, குழம்ப வேண்டாம். காப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் விலை குறைவு, அடிக்கடி மாற்றலாம். கேப் 0.65-இல் தொடங்குங்கள், வெட்டினால் 0.55. அதற்கும் கீழே போனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) தடுமாறும். 0.55-இலும் வெட்டினால் பார்க்க வேண்டியது காயிலும் பிளக் வயரும்.

கேப்பை மாற்ற வெளி எலக்ட்ரோடை மட்டும் வளையுங்கள். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கவும். இரிடியம் பிளக் என்றால் நடுமுனையை நெம்பவே கூடாது, உடையும். எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கையால் திருகி, 25 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்குவிசை) இறுக்குங்கள். மரையில் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசை) பூசாதீர்கள், பூசினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகும்.

நகரத்துக்குள் மட்டுமே ஓட்டினால் 8-ஆம் எண் பிளக்கில் கரி பிடிக்கலாம்.