அப்பாவின் டயாலிசிஸ் செலவுக்கு பைக்கை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: எங்கள் வீடு கோட்டக்குப்பம் பக்கம். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. மருந்து, ஊசி, ஆட்டோ என்று கையில் எதுவும் நிற்பதில்லை. வீட்டில் இரண்டு பைக் சும்மா நிற்கின்றன. ஒன்று அப்பா ஓட்டிய ஸ்பிளெண்டர், இன்னொன்று துபாயில் வேலை பார்க்கும் அண்ணனின் புல்லட். புதுச்சேரியில் சுற்றுலா வருபவர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் ஒருவர், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆர்.சி. அசலும் இரண்டு படிவங்களில் கையெழுத்தும் வேண்டுமாம். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருப்பதால் பயமில்லை என்கிறார். கொடுக்கலாமா?

பதில் தருபவர்: மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.

கொடுக்காதீர்கள். அந்த இரண்டு படிவங்களில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பணக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அது அந்த இடைத்தரகருக்கும் புரிந்திருக்கிறது, அதனால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்.

முதலில் இன்ஷூரன்ஸ். பீரோவில் இருக்கும் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பயன்பாட்டு வரம்பு என்று சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ விடுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயத்தில் ஓட்டுவது போன்றவை நீங்கலாக மற்ற உபயோகத்துக்கு மட்டுமே இந்தக் காப்பீடு என்று அதில் போட்டிருக்கும். பிரீமியம் கட்டும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. விபத்து நடந்த பிறகு கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வாடகைக்கு ஓட்டும் பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் அதை ஒரு காரணமாகச் சொல்லி கம்பெனி விலகிக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

“கோர்ட் கம்பெனியைத்தானே கட்டச் சொல்லும்?” என்று அந்த இடைத்தரகர் கேட்பார். பல வழக்குகளில் அப்படித்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் பணமில்லாமல் அலையக் கூடாது என்பதால், கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரும். அந்த இரண்டாவது பாதியை இடைத்தரகர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வசூலிக்க வரும்போது வீடு, நிலம், சம்பளம் எல்லாம் கணக்கில் வரும்.

எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள 30 வயதுக்காரர் ஒருவர் உங்கள் புல்லட்டில் அடிபட்டு இறந்துவிட்டார் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 2,40,000. சுயதொழில் செய்பவர் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 3,36,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,24,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. பெருக்கினால் 38,08,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்றவையும் வட்டியும் தனி. உங்களுக்கு வரப்போவது வருடத்துக்கு 1,20,000. முப்பது வருட வாடகையை ஒரே விபத்து சாப்பிட்டுவிடும்.

இப்போது அந்தப் படிவங்கள். எண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? 29, 30 என்று இருந்தால் இரண்டும் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றுவதற்கான படிவங்கள். வாடகைக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. “போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு”, “சும்மா ஒரு செக்யூரிட்டிக்கு” என்பார்கள். வாங்குபவர் பெயர் எழுதாத 29, 30-உம் ஆர்.சி. அசலும் ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால், அவர் வண்டியை அடகு வைக்கலாம், யார் தலையிலும் கட்டிவிடலாம். பெயரை மாற்றிவிட்டால் உங்கள் வண்டி போயிற்று. மாற்றாமலே நாலு கை மாறிவிட்டாலோ, இன்னும் மோசம். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர், வாங்கியவர், அதற்கடுத்து வாங்கியவர் என்று வரிசையாக வந்த வழக்கில்தான் அந்தத் தீர்ப்பே வந்தது. கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல், “போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள்” என்றும் கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

புல்லட் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் ஊரில் இல்லை, அவர் கையெழுத்தை நீங்களே போட்டுவிடுங்கள் என்று யோசனை சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அது போலி ஆவணம், கிரிமினல் குற்றம். விபத்து வழக்கில் சம்மனும் துபாயில் இருக்கும் அவர் பெயருக்குத்தான் வரும்.

நீங்கள் இருக்கும் இடத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், கடலூர் பக்கம் சாராயமும் மது பாட்டிலும் கடத்துவது உங்களுக்குத் தெரியாத விஷயமா? எல்லைச் சோதனைச்சாவடியில் பிடிபட்டால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உரிமையாளர் மேல் வரும். முகம் தெரியாத ஆளிடம் வாடகைக்கு விட்டுவிட்டு அதை எப்படி நிரூபிப்பீர்கள்? ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்றாலும் கேஸ் வண்டி கொடுத்தவர் மேல் தனியாக விழும். 18 வயது நிரம்பாத பையன் என்றால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து.

அப்படியானால் நண்பனுக்குக்கூட வண்டி தரக் கூடாதா என்று கேட்பீர்கள். தரலாம். இதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் உங்களை ஏமாற்றுவார்கள். லைசென்ஸ் உள்ள நண்பரோ உறவினரோ காசு கொடுக்காமல் வண்டியை எடுத்துப் போனால் அது வாடகை ஆகாது. பாலிசியின் அந்தப் பத்தி அங்கே பொருந்தாது, கம்பெனி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. பெட்ரோல் போட்டுக் கொடுத்தால்? தான் ஓட்டியதற்குத் தானே பெட்ரோல் போட்டதை வாடகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஞ்சர் ஒட்டிக் கொடுத்தால்? அதுவும் அப்படியே. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, வண்டியை அப்பப்போ ஓட்டி வை என்று சொல்வதும் சரிதான். ஆனால் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பணம் பேசி வாங்கிவிட்டால், அவர் உயிர் நண்பனாக இருந்தாலும் அது வாடகைதான். இடைத்தரகர் என்ன சொல்வார் தெரியுமா? “விபத்து ஆனால், ஓட்டியவர் என் ஃபிரெண்ட் என்று சொல்லிவிடுங்கள்.” விழுப்புரத்துக்காரருக்கு, வார விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பையன் எப்படி நண்பன் ஆனான் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். மாதம் ஐந்தாம் தேதி உங்கள் ஜிபேயில் 10,000 ஏறியிருக்கும், கீழே ‘பைக் ரெண்ட்’ என்றும் எழுதியிருக்கும். ஓட்டி வந்த பையனும் ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிடுவான். நண்பன் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சட்டப்படி வாடகைக்கு விட வழியே இல்லையா? இருக்கிறது, உங்களுக்கு இல்லை. மத்திய அரசு 1997-இல் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. போக்குவரத்துத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும், அதற்குப் பெர்மிட் உள்ள வண்டி குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள நம்பர் பிளேட்டும், வணிகப் பயன்பாட்டுக்கான இன்ஷூரன்ஸும் கட்டாயம். அந்த ஆளிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே உரிமம் வைத்திருப்பவருக்கு உங்கள் வெள்ளை போர்டு வண்டி தேவைப்படாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முதல் போட்டு ஐந்து வண்டி வாங்க முடிந்தவருக்கு வழி வைத்த சட்டம், ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒரு வண்டியை நம்பி நிற்கும் குடும்பத்தைப் பற்றி இத்தனை வருடமாக யோசிக்கவே இல்லை. வெள்ளை போர்டு வண்டிகள் பகிரங்கமாக வாடகைக்குப் போவது அதிகாரிகள் கண்ணில் படாமலா இருக்கிறது? ஒரு உயிர் போன பிறகுதான் பெர்மிட் எங்கே என்ற கேள்வியே வருகிறது. 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று சட்டம் சொல்வது வண்டியை ஓட்டியவரையும் அப்படி ஓட்ட விட்டவரையும் குறித்து; பதிவு உங்கள் வீட்டார் பெயரில் இருப்பதால் கேள்வி அவர்களிடம்தான் வரும். கமிஷன் வாங்கியவர் வேறு சிம் போட்டுக்கொண்டு அடுத்த தெருவில் கடை திறந்திருப்பார்.

பணத்துக்கு என்ன செய்வது? ஸ்பிளெண்டரை விற்றுவிடுங்கள். பழைய ஸ்பிளெண்டருக்கு எப்போதும் ஆள் உண்டு. அப்பாவே கையெழுத்துப் போடட்டும், ஆனால் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய படிவத்தில். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி, வாங்குபவர் கையெழுத்துடன் ஒரு டெலிவரி நோட் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதுச்சேரிக்காரர் வாங்கினால் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாறிவிட்டதா என்று மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கும் வரை விடாதீர்கள். புல்லட்டை அண்ணன் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருக்கிறதா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டுடன் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், டயாலிசிஸும் அதில் அடக்கம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். வருமானம் அதற்கு மேல் என்றால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் வண்டியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே திரும்ப வாங்குங்கள். ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட படிவங்களையும் கேட்டு வாங்கி, கையோடு கிழித்துப் போடுங்கள், ஆர்.சி.யை அல்ல, படிவங்களை. தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது, அதன்பேரில் பெயர் மாற்றம் செய்யக் கூடாது என்று உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டருக்கு அப்பாவும் புல்லட்டுக்கு அண்ணனும் தனித்தனியாக எழுத வேண்டும்.