ஏற்காட்டு மலையில் ஹெம்ப் விளையுமா? விதை பற்றிய கேள்விகளும் பதில்களும்

கொஞ்ச நாளாக எனக்கு வரும் விதைக் கேள்விகளில் மரவள்ளியும் மஞ்சளும் பின்னுக்குப் போய், கஞ்சா இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் முன்னுக்கு வந்திருக்கிறது. ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்கிறார். மறுநாள் காலை எனக்கு அழைப்பு வருகிறது. தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அய்யா, ரெண்டு ஏக்கர் கிணத்துப் பாசனம் இருக்கு. ஆன்லைன்ல ஹெம்ப் விதை கிடைக்குது. கஞ்சா வேற, ஹெம்ப் வேறங்கிறாங்க. வாங்கி விதைக்கலாமா? (ஆத்தூர்)

விதைக்காதீர்கள். இரண்டும் ஒரே செடிதான். போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் மிகக் குறைவாக, பெரும்பாலும் 0.3 சதவீதத்துக்குள், இருக்கும் ரகங்களை உலகம் ஹெம்ப் என்று அழைக்கிறது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. அந்தச் செடி இனம் முழுவதையும் அது ஒரே பெயரில்தான் குறிக்கிறது. அனுமதியில்லாமல் பயிரிட்டால் 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு தனி உத்தரவில் அனுமதி தரலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழியில் 2018இல் முதலில் உரிமம் கொடுத்த மாநிலம் உத்தராகண்ட். தமிழ்நாட்டில் விவசாயிக்கு அப்படி உரிமம் தரும் ஏற்பாடு இல்லை. விதை விற்பவர் காட்டும் சான்றிதழ் விதையைப் பற்றியது. உங்கள் வயலுக்கு அது அனுமதி ஆகாது.

உத்தராகண்டும் மலை, ஏற்காடும் மலை. அங்கே விளைவது நாளைக்குச் சட்டம் வந்தால் இங்கேயும் விளையும்தானே? (நாகலூர், ஏற்காடு)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆனால் பலரும் குளிரைப் பார்க்கிறார்கள், பகலைப் பார்ப்பதில்லை. இந்தச் செடி எப்போது பூக்க வேண்டும் என்பதைப் பகல் நேரத்தின் நீளத்தைக் கொண்டு முடிவு செய்கிறது. பகல் நீண்டிருக்கும்வரை உயரமாக வளரும். குறையத் தொடங்கினால் வளர்ச்சியை நிறுத்திப் பூவெடுக்கும். சாமந்திக்கும் இதே குணம். பழைய சம்பா நெல் ரகங்களைப் பட்டம் தப்பி விதைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சேலம் இருப்பது வடக்கே ஏறத்தாழ 11.7 டிகிரியில். ஜூன் 21 வாக்கில், ஆண்டிலேயே நீண்ட பகல் இங்கே 12 மணி 45 நிமிடத்தைச் சுற்றித்தான். உத்தராகண்டில் அதே நாளில் சுமார் 14 மணி நேரம், பிரான்சில் 16 மணியை நெருங்கும். ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்தெடுத்த ஃபியூச்சரா 75, ஃபெலினா 32 போன்ற ரகங்கள் அந்த நீண்ட பகலுக்குப் பழகியவை. நம் ஊரில் விதைத்தால் ஆடிப்பட்டமோ சித்திரைப்பட்டமோ, எந்தப் பட்டத்திலும் பகல் அவற்றுக்குக் குறைவு. ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டிய செடி, இடுப்பளவு வருவதற்குள் பூத்துவிடும். தண்டு குட்டையானால் நார் ஏது?

1500 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் குளிர் கிடைக்கும். பகல் ஒரு நிமிடம்கூட நீளாது. ஆகவே நாளையே சட்டம் மாறினாலும் வடக்கத்தி விதையை மூட்டையாக இறக்குவது வீண் செலவு. வெப்பமண்டலப் பகலுக்கு ஏற்ற, தாமதமாகப் பூக்கும் ரகத்தை முதலில் உருவாக்க வேண்டும். அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை, பல ஆண்டு வேலை. காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே ஊடுபயிராக இதை யோசிப்பதும் சரி வராது. இந்தச் செடிக்கு முழு வெயில் வேண்டும், உங்கள் தோட்டத்தில் இருப்பது நிழல்.

வேளாண்மை படிக்கிறேன். ரெகுலர், ஃபெமினைஸ்டு, ஆட்டோ என்று விதைகளைப் பிரிக்கிறார்களே, வணிகச் சாகுபடியில் எது சிறந்தது? (ஓமலூர்)

பப்பாளியை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். கோ 2 ரகம் விதைத்தால் ஆண் மரம், பெண் மரம் தனித்தனியாக வரும். கோ 7இல் பெண்ணும் இருபாலும் வரும், வெறும் ஆண் வராது. ஹெம்ப்பிலும் இயற்கையாக ஆண், பெண் வேறு வேறு செடிகள். அப்படி ஏறத்தாழச் சரிபாதியாக வருவது ரெகுலர் விதை. ஒரே செடியில் இரண்டு பூவும் வரும்படி தேர்ந்தெடுத்த ரகங்களும் உண்டு, மேலே சொன்ன ஃபியூச்சரா அந்த வகை. தானியமும் நாரும் ஒரே சீராக முதிர வேண்டும் என்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் சொந்த விதையாகச் சில தலைமுறை தொடர்ந்து எடுத்தால், ஆண் செடிகள் மீண்டும் தலைகாட்டிக் கலந்துவிடும். ஆண்டுதோறும் புது விதைக்குக் காசு வேண்டும்.

ஃபெமினைஸ்டு என்பது பெண் செடி மட்டுமே வரும்படி தயாரித்த விதை. வெளிநாடுகளில் மருந்துச் சாறுக்காகப் பூவை மட்டும் அறுவடை செய்பவர்களுக்கானது. ஒவ்வொரு விதைக்கும் தனி விலை, நாருக்கும் தானியத்துக்கும் கட்டுப்படியாகாது. இந்தியாவில் பூவும் காய்நுனியும் சட்டப்படி கஞ்சாவே. எனவே இந்த வகையை இங்கே "வணிகச் சாகுபடிக்கு" என்று யாராவது விற்றால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்ஆர்சிஹெச் 1 வீரிய ஆமணக்கு தெரியுமல்லவா? அதன் விதை உற்பத்தியிலும் பெண்பூ மிகுந்த தாய்வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெண்மையைக் கூட்டுவது பயிர்ப்பெருக்கத்தில் பழைய உத்தி. எதற்காகச் செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஆட்டோ வகை பகலைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கும். பின்லாந்தின் ஃபினோலா அந்தக் குணம் கொண்ட தானிய ரகம். குட்டைச் செடி, நாருக்கு உதவாது. பகல் நீளச் சிக்கலுக்கு இதுதான் விடையோ என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், நல்ல விவாதம் நடக்கும். வயலில் செய்து பார்க்க மட்டும் கிளம்ப வேண்டாம்.

கடைக்காரர் சணப்பை விதை தருகிறேன் என்கிறார். அதுவும் ஹெம்ப்தானாம். போலீஸ் வந்தால் என்ன செய்வது? (மேச்சேரி)

பயப்படவே வேண்டாம். ஆங்கிலத்தில் நார் தரும் பல செடிகளுக்கு ஹெம்ப் என்று வால் ஒட்டிவிட்டார்கள், அதனால் வந்த குழப்பம். சணப்பை பயறு வகைக் குடும்பம், கிலுகிலுப்பை இனம். மஞ்சள் பூ, முற்றிய காயை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும், விதை சிறுநீரக வடிவில் கருமையாக இருக்கும். கஞ்சா விதை உருண்டையாக, சாம்பல் பழுப்பில் புள்ளியும் வரியுமாக இருக்கும். இரண்டுக்கும் உறவே இல்லை.

மரவள்ளிக்கோ மஞ்சளுக்கோ முன்னால் பசுந்தாளாகச் சணப்பை போடுங்கள் என்று நான் சொல்லாத ஆண்டில்லை. ஏக்கருக்கு 15 கிலோ அளவில் தூவி, 45 முதல் 60 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுங்கள். தண்டு முற்றவிட்டால் கலப்பையில் சிக்கும், மண்ணில் மக்கவும் நாளாகும். தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் வயலென்றால் சணப்பையை விட்டுத் தக்கைப்பூண்டுக்குப் போங்கள். விதையில் நஞ்சு உண்டு, மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெம்ப் ஆசையில் எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மண் வளம்தான் உண்மையான கவலை என்று பேச்சில் தெரிந்தது. அவர்களுக்கும் இதே பதில்தான்.

கடையில் ஹெம்ப் பருப்பு பாக்கெட் விற்கிறார்களே, அது மட்டும் எப்படி? (சங்ககிரி)

பூ, காய்நுனி ஒட்டாத தனி விதை கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றுக்கொண்டது. சாப்பிடலாம். எண்ணெய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, புரதம் நாலில் ஒரு பங்கு இருக்கும். விதைத்தால் முதல் கேள்விக்கான பதில் பொருந்தும்.

குத்தகைக்கு விட்ட மரவள்ளிக் காட்டில் நடுவே வேறு ஏதோ செடி நிற்பதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். எனக்குப் பொறுப்பு உண்டா? (வாழப்பாடி)

உண்டு. தன் நிலத்தில் சட்டவிரோதமாக இந்தச் செடி வளர்வது தெரிந்தால் நில உடைமையாளர் உடனே காவல்துறைக்கோ அதற்குரிய துறைக்கோ தகவல் தர வேண்டும், தெரிந்தும் பேசாமல் இருப்பது குற்றம் என்கிறது அதே போதைப்பொருள் சட்டத்தின் 46ஆம் பிரிவு. இன்றே நேரில் போய்ப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீங்களே பிடுங்கிப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு வழக்கறிஞரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நிறுவனம் முன்பணம் கட்டினால் விதையும் தந்து விளைச்சலையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. சட்டம் வந்ததும் முதல் ஆளாக இருக்கலாமாம். (தலைவாசல்)

பல ஆண்டுகளுக்கு முன் மருந்துக் கூர்க்கனுக்கு ஒப்பந்தம் போட்டு ஒன்றரை ஏக்கர் நட்டவன் நான். நடவுக்கு முன் தினமும் பேசியவர்கள், கிழங்கு காய்ந்து மூட்டை கட்டிய பிறகு போனை எடுக்கவில்லை. வாசலில் அடுக்கிய மூட்டைகளில் பூச்சி விழுந்ததை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். அன்றிலிருந்து முன்பணம் கேட்கும் எவரிடமும் நான் மூன்று காகிதம் கேட்கிறேன். பயிருக்கான அரசு உத்தரவு, விதை எந்த ஆண்டு எங்கே விளைந்தது என்ற விவரத்தோடு பில், விலையும் எடுக்கும் தேதியும் எழுதிய பதிவு செய்த ஒப்பந்தம். உங்களிடம் வந்தவர் முதல் காகிதத்தையே காட்ட முடியாது. ஹெம்ப் விதை எண்ணெய் விதை, ஓரிரு ஆண்டு வைத்திருந்தாலே முளைப்புத்திறன் விழும். சட்டம் வரும்வரை விதையை வாங்கி வைத்துக் காத்திருந்தால் கையில் மிஞ்சுவது முளைக்காத விதையாகத்தான் இருக்கும். அந்த முன்பணத்தில் ஒய்டிபி 1 ரக மரவள்ளிக் கரணை வாங்குங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே நல்ல கரணை கிடைக்கும் என்று சொல்வார்கள். வெட்டும்போது தேமல் நோய் இல்லாத செடியாகப் பார்த்து, நீங்களே கூட நின்று வெட்டச் சொல்லுங்கள்.