ஃப்ளாட் வாங்கும்போது வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டுக்கு விலை பேசி முடித்திருப்பதாகவும், "நமக்குள் எழுத்து எதற்கு, நேரே பத்திரம் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லும் உரிமையாளரிடம் 2 லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். எனக்கு விற்க முன்வந்தவரும் நல்லவர்தான்.

2017-இல் பெரம்பூரில் ஒரு வீட்டை 48 லட்சத்துக்குப் பேசி, நல்ல நாள் பார்த்து, வெற்றிலைபாக்குத் தட்டில் 1 லட்சத்தை வைத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து, அது தந்தை வழி வந்த சொத்து என்பதும், வெளியூரில் இருக்கும் அவருடைய தங்கைக்கும் அதில் பங்கு உண்டு என்பதும், அந்த அம்மாள் இந்த விலைக்குச் சம்மதிக்கவில்லை என்பதும் தெரியவந்தன. பணம் சிறுகச் சிறுகத் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. வங்கிக் கடனுக்குக் கட்டிய பரிசீலனைக் கட்டணம் வரவே இல்லை. அன்று ஒப்பந்தம் எழுத உட்கார்ந்திருந்தால், விற்பவர்கள் யார் யார் என்று முதல் பத்தியிலேயே எழுத வேண்டியிருந்திருக்கும். சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரமும் வாரிசுச் சான்றிதழும் அப்போதே வெளியே வந்திருக்கும்.

வாய்மொழி ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்று பலர் சொல்வது முழு உண்மை இல்லை. விற்பதாக வாயால் ஒப்புக்கொண்டதையும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் என்ன விலை, எந்தக் கெடு, யார் சம்மதித்தார்கள் என்பதையெல்லாம் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். உடன் வந்த புரோக்கரின் சாட்சியத்தை மட்டும் வைத்து அதைச் சுமப்பது கடினம். உரிமை மாற்றமோ வேறு விஷயம்: 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, ரூ.100-உம் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும்.

"கார் நிறுத்துமிடம் உங்களுக்குத்தான்" என்பது போன்ற வாக்குறுதிகளில் இன்னும் கவனம் தேவை. பத்திரத்தில் எழுதி முடித்த விதிகளுக்கு முரணாக, வாயால் வேறு விதமாகப் பேசினோம் என்று பிறகு சாட்சி சொல்ல, சில விலக்குகள் தவிர, சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே நிறுத்துமிடம், மனையில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பங்கின் அளவு, பராமரிப்புப் பாக்கி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், பத்திரத்துக்கு முன் எழுதிக்கொள்ளும் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்துவிட்டால், சொத்தின் மீதுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது தெரியும். அதே வீட்டைப் பார்க்க வரும் அடுத்தவருக்கும் உங்கள் ஒப்பந்தம் தெரிந்துவிடும். வாய்ப்பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ரொக்கம் வேண்டாம் என்பதை உரிமையாளரின் நன்மையாகவே எடுத்துச் சொல்லலாம். சொத்து விற்பனைக்காக ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதமும் பெறுபவர் மீதே விழும். அவசரமாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சிறு தொகையை வங்கி வழியாக அனுப்பி, வீட்டின் முகவரி, பேசிய விலை, ஒப்பந்தம் எழுதும் தேதி, ஆவணங்கள் சரியில்லாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை ஆகியவற்றோடு உரிமையாளர்கள் அனைவரும் கையொப்பமிட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.