மீக்கு மாற்றாக ஸ்பகெட்டிப் பூசணி: கூழாகாமல் சமைப்பது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. பத்து ஆண்டுகளாக நீரிழிவு. காலையிலும் மாலையிலும் மாத்திரை சாப்பிடுகிறார். மீயையும் (நூடுல்ஸ்) ஸ்பகெட்டியையும் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதால், மகள் ஒரு ஸ்பகெட்டிப் பூசணி வாங்கிவந்தாள். பெரும்பாடுபட்டு அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அலுமினியத் தாளால் மூடி, ஓவனில் ஒரு மணி நேரம் வேகவைத்தோம். நூல் நூலாக வரும் என்றார்கள். எங்களுக்கு வந்தது கூழ். மேலே ஊற்றிய தக்காளிக் குழம்பும் நீர்த்துப்போனது. எங்கே தவறினோம்? இதில் மீ கோரேங் (வதக்கிய மீ) செய்ய முடியுமா? அவர் இதை வயிறு நிறையச் சாப்பிடலாமா? (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: நீங்கள் வாங்கிய காயில் குறை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அதைப் பிளந்த திசை, மூடிய தாள், ஒரு மணி நேரச் சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தே உங்கள் உழைப்பைக் கெடுத்துவிட்டன. மூன்றையும் எளிதில் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் திசையைப் பார்ப்போம். இந்தப் பூசணியின் சதையில் நூல்கள் காம்பிலிருந்து அடிவரை நெடுக ஓடுவதில்லை. கையில் வளையல் அடுக்கியதுபோல, காயின் இடுப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. நீளவாக்கில் பிளந்தால் ஒவ்வொரு வட்டமும் இரண்டு இடங்களில் அறுபட்டு, நூல் பாதி நீளமாகிவிடுகிறது. வெங்காயத்தை வளையமாக அரிவதைப்போல் குறுக்கே, 3 முதல் 4 சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கினால் நூல் முழு நீளத்தில் கிடைக்கும். எங்கள் சமையல் வகுப்பில் இதை ஒவ்வொரு முறையும் செய்து காட்டுகிறேன். வெந்து ஆறிய வளையத்தைத் தட்டில் வைத்து, தோலுக்கும் சதைக்கும் இடையே முள்கரண்டியின் ஒரு பல்லை மட்டும் நுழைத்து, வட்டத்தின் போக்கிலேயே மெல்ல நகர்த்த வேண்டும். தோலை ஒட்டிய வெளிச்சுற்று முதலில் கழன்றுவரும். பிறகு உள்சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அவிழும். ஒரு நூலை விரலால் பிடித்துத் தூக்கினால், அச்சிலிருந்து புட்டு மாயம் (இடியாப்பம்) இறங்குவதைப்போல் ஒரு சாண் நீளத்துக்கு ஆடிக்கொண்டு தொங்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் இந்தக் காயை நீளவாக்கில் வெட்டுவதில்லை.

அடுத்தது சூடு. வெந்த ஸ்பகெட்டிப் பூசணியின் எடையில் ஏறத்தாழ 92 விழுக்காடு தண்ணீர். நூல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் சூட்டில் இளகும்போதுதான் அவை பிரிகின்றன. அத்துடன் நிறுத்தினால் நூலுக்கு மெல்லிய கடிபதம் இருக்கும். அதற்கு மேலும் வெந்தால் நூலின் உடலே குலைந்து, உள்ளே இருந்த நீர் வெளியேறி, கூழாகிவிடும். நீங்கள் அலுமினியத் தாளால் மூடியபோது அந்த நீர் ஆவியாகித் தப்பவும் வழியில்லாமல் போயிற்று. ஓவனுக்குள்ளேயே நீராவியில் அவித்ததற்குச் சமம் அது. இந்தக் காய்க்கு வேண்டியது திறந்த, உலர்ந்த சூடு.

நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். வளையங்களாக நறுக்கி, விதையையும் அதைச் சுற்றியுள்ள சவ்வையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, இரு பக்கமும் சிட்டிகை உப்பைத் தூவிக் கால் மணி நேரம் தட்டில் வையுங்கள். மேற்பரப்பில் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். அதை ஒரு துணியால் ஒற்றியெடுத்து, எண்ணெய் லேசாகத் தடவி, வளையங்கள் ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பி, மூடாமல், 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். இருபதாவது நிமிடத்திலேயே ஒரு வளையத்தை வெளியே எடுத்து முள்கரண்டியால் சோதித்துவிடுங்கள். நூல் பிரிந்தும், பல்லில் சற்றே ‘நறுக்’கென்றும் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி. ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்கள் 180 டிகிரியில் இதே வளையங்களைச் செய்யலாம்; நேரம் கருவிக்குக் கருவி மாறுவதால், பதினைந்தாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓவன் இல்லாத வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு ஜப்பானியர் முறை கைகொடுக்கும். அங்கே இந்தக் காய்க்குச் ‘சோமென் கபோச்சா’ என்று பெயர்; சோமென் என்பது கோதுமையில் செய்யும் மெல்லிய மீ, கபோச்சா என்பது பூசணி. சீனர்கள் இதைத் தங்க நூல் பூசணி என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஆக, இந்தக் காயை மீயோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் வளையங்களைக் கொதிநீரில் 10 முதல் 15 நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, கையாலேயே நூலை அவிழ்க்கிறார்கள். குளிர்நீர் வேகும் ஓட்டத்தை அந்தக் கணத்திலேயே நிறுத்திவிடுவதால் நூல் குலையாது. கொதிநீருக்குப் பதிலாக இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் ஆவியில் அவித்தாலும் சரியாக வரும். இவ்விரு முறைகளிலும் நூலில் ஈரம் மிகுந்திருக்கும் என்பதால், வடிதட்டில் பத்து நிமிடம் விட்டு, சுத்தமான துணியில் மென்மையாக அழுத்தியெடுத்த பின்பே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

வெட்டுவதற்குப் பெரும்பாடுபட்டதாக எழுதியிருந்தீர்கள். முற்றிய காயின் தோல் கட்டைபோல் இருக்கும். கத்தி நழுவினால் விரல் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு. கத்திமுனையால் காயின் பல இடங்களில் ஆழமாகக் குத்திவிட்டு, மைக்ரோவேவில் 3 முதல் 4 நிமிடம் வைத்தால் தோல் இளகிக் கத்திக்கு இடம்கொடுக்கும். குத்தாமல் வைக்கவே கூடாது. உள்ளே அடைபடும் நீராவி காயை வெடிக்கச் செய்துவிடும். பலகைக்கு அடியில் ஈரத்துணியை விரித்து, காயின் இரு முனைகளையும் முதலில் சீவிவிட்டால் உருளாமல் நிற்கும்.

மீ கோரேங் செய்ய முடியும். ஆனால், மீயைக் குவாலியில் (வாணலியில்) போட்டுப் புரட்டும் பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். மஞ்சள் மீயில் மாவுச்சத்து இருப்பதால் அது குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பூசணி நூல் உறிஞ்சாது, மாறாகத் தன் நீரை வெளியே விடும். உங்கள் தக்காளிக் குழம்பு நீர்த்ததற்கும் இதுவே காரணம். எனவே முதலில் வெறும் குவாலியைக் காயவைத்து, எண்ணெய் விடாமல், நூலை மட்டும் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, ஈரம் வற்றியதும் தனியே எடுத்துவையுங்கள். பிறகு எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாய் விழுது, கணவாய் அல்லது இறால், தௌகுவா (கெட்டிச் சோயாக் கட்டி), முட்டை எல்லாம் சேர்த்து, வழக்கத்தைவிடக் கெட்டியாக வதக்கி, தவ்கே (பயறு முளை) போட்ட பிறகு கடைசி அரை நிமிடத்தில் நூலைச் சேர்த்து ஒரு கிளறு கிளறி இறக்குங்கள். உருளைக்கிழங்கைச் சேர்க்காதீர்கள், மீயைக் குறைத்துவிட்டுக் கிழங்கைப் போட்டால் உங்கள் கணவருக்குப் பயன் பாதியாகிவிடும். இனிப்புச் சோயாக் குழம்புக்கும் தக்காளிச் சாஸுக்கும் இதே கவனம் வேண்டும், ஏனெனில் இரண்டிலும் சர்க்கரை உண்டு. காரத்துக்கு மிளகாயும் புளிப்புக்குக் கடைசியில் பிழியும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையும் போதும்.

என்னைக் கேட்டால், இந்த நூலுக்கு மீ கோரேங்கைவிட நம் எலுமிச்சைச் சேவைத் தாளிப்பே பொருத்தமானது. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நிலக்கடலை ஆகியவற்றைத் தாளித்து, மஞ்சள்தூளும் பெருங்காயமும் தூவி, ஈரம் வற்றிய நூலைப் புரட்டி, அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறு விட வேண்டும். குழம்பே இல்லாததால் நீர்த்துப்போவதற்கு எதுவுமில்லை. பருப்பும் கடலையும் பல்லில் கடிபடுவதால், பூசணியின் மென்மை ஒரு குறையாகத் தெரிவதில்லை. புளிக்குழம்பு ஊற்றிய மீயான பினாங்கு லக்சாவுக்கும் இது ஒத்துவரும். கிண்ணத்தில் நூலை வைத்து, பரிமாறும் நேரத்தில் கொதிக்கும் புளிக்குழம்பை மேலே ஊற்றினால் போதும். மேலே விடும் கருத்த இறால் விழுது இனிப்பாக இருக்கும் என்பதால் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலாடைக் குழம்பு, தேங்காய்ப்பால் நிறைந்த குழம்பு ஆகியவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நூலின் மெல்லிய இனிப்பை மூழ்கடித்துவிடுவதோடு கொழுப்பையும் கூட்டுகின்றன.

இனி, உங்கள் கணவரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது; நம் இந்தியச் சமூகத்தில் நிலைமை இதைவிட மோசம். ஆகவே இது பல வீடுகளின் கேள்வி. வெந்த ஸ்பகெட்டி 200 கிராமில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்தும் 310 கலோரிக்குச் சற்று மேலும் உள்ளன. அதே எடையுள்ள பூசணி நூலில் மாவுச்சத்து 13 கிராம், கலோரி ஏறத்தாழ 54. வேறுபாடு பெரிது. ஆனால் புரதத்தையும் பாருங்கள்: ஸ்பகெட்டியில் 11 கிராமுக்கு மேல் இருக்கும் இடத்தில் பூசணியில் ஒன்றரை கிராம்கூட இல்லை. நூலை மட்டும் ஒரு பெரிய தட்டு நிறையச் சாப்பிட்டவர் இரண்டு மணி நேரத்தில் பசித்து, பிஸ்கட் டப்பாவைத் திறப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நம் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) என்று சொல்லும் தட்டு முறையை நினைவில் கொள்ளுங்கள்: கால் பங்கு சோறு அல்லது மீ, கால் பங்கு மீன், கோழி போன்ற புரதம், பாதித் தட்டு காய்கறியும் பழமும். ஸ்பகெட்டிப் பூசணி மீயைப்போல் தோன்றினாலும் தட்டில் அதன் இடம் காய்கறிப் பாதிதான். அவ்விடத்தை அது தாராளமாக நிரப்பட்டும். அதன் பக்கத்தில் மீனோ முட்டையோ தௌகுவாவோ கட்டாயம் இருக்கட்டும். மீ இல்லாமல் அவருக்கு மனம் ஆறாது என்றால், சிறு கைப்பிடி மீயோடு இரண்டு மடங்கு பூசணி நூலைக் கலந்து கொடுங்கள். முற்றிலும் மாற்றிவிட்டு ஒரு வாரத்தில் பழைய தட்டுக்கே திரும்புவதைவிட, இந்தக் கலவை நீண்ட நாள் நிலைக்கும் என்பது என் அனுபவம்.

ஓர் எச்சரிக்கையை வலியுறுத்த வேண்டும். கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும், மருந்தின் அளவு அப்படியே இருக்க உணவின் மாவுச்சத்து மட்டும் திடீரெனக் குறைந்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கை நடுங்குதல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே இந்த மாற்றத்தைத் தொடங்குமுன் அவருடைய மாத்திரையின் பெயரை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிக் கேட்டுவிடுங்கள். வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால், ஒரு நாள் வழக்கமான மீ, இன்னொரு நாள் அதே குழம்போடு பூசணி நூல் என்று கொடுத்து, சாப்பிடுமுன் ஒரு முறையும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து எழுதிவையுங்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகலாம். சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், எந்தப் பூசணியையும் போலவே இதையும் உணவியலாளரிடம் அளவு கேட்டபின் உண்பது நல்லது.

வாங்கும்போது தோல் முழுதும் வெளிர்மஞ்சளாக, நகம் இறங்காத கடினத்தோடு, கைக்குக் கனமாக இருக்கும் காயைத் தேர்ந்தெடுங்கள். பச்சைத் திட்டு இருந்தால் முற்றவில்லை என்று பொருள். நூல் என்று கைக்குக் கிடைப்பது காயின் எடையில் ஏறத்தாழ பாதிதான், ஆகவே இருவருக்கு ஒரு கிலோ காய் போதும். வெட்டாத காயைக் காற்றோட்டமான, நிழலான இடத்தில் வைக்கலாம், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்நாட்டாரைப்போல் மாதக்கணக்கில் வைக்க முயலாதீர்கள். அவிழ்த்த நூல் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். உறையவைத்தால் இளகும்போது மீண்டும் கூழாகிவிடும்.

சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடும் கசப்பு தெரிந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். பூசணிக் குடும்பத்துக் காய்களில் அரிதாகக் கூடிவிடும் குகுர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளின் சுவை அது. சமைத்தாலும் அது நீங்காது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இனி ஒருமுறை கைதவறிக் கூழாகிவிட்டால் வீசவேண்டாம். பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைத்து, தேங்காய்த் துருவல் சிறிதும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துக் கலந்தால் நல்ல கூட்டு. நூலாக இருக்கவேண்டிய கட்டாயம் அதில் இல்லை.